கொட்டை முளைத்துவிட்டது, காய் எப்போது?

வெண்ணெய்ப் பழக் கொட்டையை டம்ளரில் முளைக்க வைப்பது குழந்தை விளையாட்டு. அதிலிருந்து பழம் சாப்பிடுவது வேறு விஷயம். நகரத்து வீடுகளில் வளர்ந்து நிற்கும் ஆயிரக்கணக்கான கன்றுகளின் கதி என்ன?

மும்பை மாடுங்காவின் பழைய அடுக்குமாடிக் கட்டடமானாலும் சரி, டெல்லியின் அரசுக் குவார்ட்டர்ஸானாலும் சரி, பெங்களூர் மல்லேசுவரத்தின் ஓட்டு வீடானாலும் சரி, சமையலறை ஜன்னல் திட்டில் இப்போதெல்லாம் ஒரு கண்ணாடி டம்ளர் தென்படுகிறது. டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர். அதன் மேல், மூன்று நான்கு பல்குச்சிகளின் தயவில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு பழுப்பு நிறக் கொட்டை. கோழி முட்டை அளவு. வேலைக்காரப் பெண் இதை ஒருமுறையாவது குப்பையில் போடப் பார்த்திருப்பார். வீட்டுக்காரர் ஒருமுறையாவது அலறியடித்துக்கொண்டு காப்பாற்றியிருப்பார்.

கடையில் அவகாடோ, பெங்களூரில் பட்டர் ஃப்ரூட், தமிழில் வெண்ணெய்ப் பழம். தாவரவியலில் பெர்சியா அமெரிக்கானா. லவங்கப் பட்டையும் பிரிஞ்சி இலையும் பிறந்த அதே லாரேசியே குடும்பம். பிறந்த ஊர் மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவும். இந்தியாவுக்கு இது வந்தது 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கை வழியாக. குடகிலும் நீலகிரியின் தாழ்ந்த சரிவுகளிலும் ஏற்காட்டிலும் வயநாட்டிலும், கொடைக்கானலுக்குக் கீழே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டங்களிலும் நிழல் மரங்களோடு ஒன்றாக நின்று வந்தது. அங்கே இதற்கு யாரும் பெரிய மரியாதை தரவில்லை. விழுந்த பழத்தைச் சர்க்கரை போட்டுப் பிசைந்து சாப்பிட்டார்கள். மிஞ்சியதைச் சந்தைக்கு அனுப்பினார்கள். பெங்களூரின் ஜூஸ் கடைகள் பாலும் சர்க்கரையும் சேர்த்து மிக்ஸியில் அடித்துக் கெட்டியான பச்சைப் பானமாக விற்றன. இதய நலம், நல்ல கொழுப்பு என்றெல்லாம் பேச்சு கிளம்பிய பிறகுதான் பழத்தின் அந்தஸ்து உயர்ந்தது. இன்று பெருநகரங்களில் இறக்குமதிப் பழம் ஒன்றுக்கே நூறு ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள்.

அத்தனை பணம் கொடுத்து வாங்கிய பழத்தில் ஒரு பங்கு கொட்டை. அதைத் தூக்கியெறிய நடுத்தரக் குடும்பத்துக்கு மனசு வருமா? இங்கேதான் கதை தொடங்குகிறது.

முளைக்க வைப்பதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவசரம் வேண்டும். நெல், உளுந்து போல இந்த விதையைக் காயவைத்து டப்பாவில் போட்டு வைக்க முடியாது. காய்ந்தால் செத்துவிடும். பழத்திலிருந்து எடுத்து வெளியே வைத்தால் இரண்டு மூன்று வாரங்களில் முளைக்கும் சக்தி போய்விடுகிறது. பூஜை அலமாரியில் நல்ல நாளுக்காகக் காத்திருக்கும் கொட்டைகள் முளைக்காததன் ரகசியம் இதுதான். பழத்தை வெட்டும்போதே கத்தி ஆழமாகப் பாயாமல் பார்த்துக்கொண்டு, சதையைக் கழுவிவிட்டு, அன்றைக்கோ மறுநாளோ வைத்துவிட வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலை நகத்தால் உரித்துவிட்டால் முளைப்பு இன்னும் சீக்கிரம்.

தலைகீழாக வைத்துவிடுவது அடுத்த தவறு. அகலமான, தட்டையான பக்கம் கீழே, அங்கிருந்துதான் வேர். கூரான பக்கம் மேலே. டம்ளரில் வைப்பவர்கள் அடிப்பகுதி மட்டும் நனையும்படி நிறுத்தி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கொட்டை வழவழவென்று அழுகும்; கொசுவுக்கும் கொண்டாட்டம். டம்ளர் வைத்தியம் பார்க்க அழகு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடம். மற்றபடி மரத்துக்கு அதனால் தனி நன்மை கிடையாது. தண்ணீரில் பழகிய மெல்லிய வேர் மண்ணுக்கு மாறும்போது ஒருமுறை அடி வாங்குகிறது. நேராகவே செம்மண், மணல், மக்கிய எரு கலந்த தொட்டியில், கூர்முனை மண்ணுக்கு மேல் எட்டிப் பார்க்கும்படி ஊன்றிவிடுவது மேல். நர்சரிக்காரர்கள் செய்வதும் அதைத்தான்.

பிறகு ஒன்றுமே நடக்காத காலம். வெப்பத்தையும் கொட்டையின் வயதையும் பொறுத்து ஒரு மாதம் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். வீட்டில் பெரியவர்கள் "இது முளைக்காது" என்று தீர்ப்பு எழுதிய பிறகு ஒருநாள் கொட்டை இரண்டாகப் பிளக்கும். முதலில் கீழே வெள்ளை வேர். அப்புறம் சிவப்பு கலந்த தண்டு, ஈர்க்குச்சி போல விறுவிறுவென்று ஒரு சாண் உயரத்துக்கு ஏறி, உச்சியில் நான்கு இலை விரிக்கும். இந்தக் கட்டத்தில் பாதித் தண்டை வெட்டிவிட்டால் பக்கக் கிளை அடித்துப் புதர் போல வளரும். வெட்டுவதற்குத்தான் யாருக்கும் கை வருவதில்லை.

அடுத்த ஒன்றிரண்டு வருடங்கள் தேனிலவு. பளபளக்கும் பெரிய இலைகள், வருகிற விருந்தாளியெல்லாம் "இது என்ன செடி?" என்று கேட்கும் பெருமை. மூன்றாவது வருடத்தில் கன்று ஆள் உயரம் தாண்டும்போதுதான் முதல் கேள்வி எழுகிறது: இது எப்போது காய்க்கும்?

நேர்மையான பதில்: விதைக் கன்றாக இருந்தால் ஐந்து வருடத்திலும் காய்க்கலாம், பத்து, பதினைந்தும் ஆகலாம். தொட்டியிலேயே நின்றால் பெரும்பாலும் காய்ப்பதே இல்லை. பூமியில் நட்டால் மரம் இரண்டு மாடியைத் தாண்டும். காய்த்தாலும், தின்ற பழம் திரும்ப வராது. இதைத்தான் டம்ளர் விற்பன்னர்கள் யாரும் சொல்வதில்லை.

காரணம் பூவில் இருக்கிறது. வெண்ணெய்ப் பழ மரத்தின் பூ, மரங்களிலேயே விசித்திரமான வழக்கம் உடையது. ஒவ்வொரு பூவும் இரண்டு முறை திறக்கிறது. முதல் முறை பெண்ணாக, மூடிக்கொண்டு மறுநாள் ஆணாக. சில மரங்களில் பெண் பூ காலையில் திறக்கும், ஆண் பூ மறுநாள் மதியத்துக்கு மேல். இவை ஏ வகை. வேறு சில மரங்களில் பெண் பூ மதியத்துக்கு மேல், ஆண் பூ மறுநாள் காலை. இவை பி வகை. கணவன் பகல் ஷிப்ட், மனைவி இரவு ஷிப்ட் என்று ஓடும் குடும்பம் மாதிரி. ஏ வகை மரத்துக்குப் பக்கத்தில் பி வகை இருந்தால் தேனீக்கள் தூது போகின்றன. தனி மரமென்றாலும் நேரம் சற்று முன்பின்னாகி ஓரளவு காய் பிடிப்பதுண்டு. ஆனால் பக்கத்து மரத்தின் மகரந்தம் கலப்பதுதான் இயற்கையின் ஏற்பாடு. பெரிய மரமொன்று ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் பூத்து, ஆயிரத்தில் ஒன்றைக்கூடக் காயாக்காமல் உதிர்ப்பது சகஜம்.

இப்படிக் கலந்து பிறந்த ஒவ்வொரு கொட்டையும் தனிப்பிறவி. தாய் ஜாடை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வெண்ணெயாகக் கரையும் பழத்தின் கொட்டை நார் நாராகத் தண்ணீர்ச் சுவையில் ஒரு பழத்தைத் தரலாம். குடகிலும் கீழ்ப் பழனி மலைகளிலும் உள்ள பழைய மரங்கள் பெரும்பாலும் விதையில் வந்தவை. அதனால்தான் ஒரே கூடையில் நீளமும் உருண்டையும், பச்சையும் ஊதாவும், கொட்டை ஆடுவதும் ஆடாததும் கலந்து கிடக்கின்றன.

ஆனால் இதே சூதாட்டத்தில் ஒருவருக்கு ஜாக்பாட் அடித்திருக்கிறது. அவர் பெயர் ருடால்ஃப் ஹாஸ். கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் தபால்காரர். 1920-களின் நடுவில் லா ஹப்ரா ஹைட்ஸ் என்ற இடத்தில் ஒன்றரை ஏக்கர் தோட்டம் வாங்கி, விதைகளை ஊன்றினார். விதைக் கன்றிலேயே காய்க்க வைக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. அன்றைக்குப் புகழ்பெற்றிருந்த ஃப்யூர்ட்டே ரகத்தை அந்தக் கன்றுகளில் ஒட்டுக் கட்டுவதுதான் திட்டம். ஒரே ஒரு கன்றில் ஒட்டு பிடிக்கவில்லை. மறுபடி கட்டினார், மறுபடியும் பட்டுப்போனது. வெட்டிவிடலாம் என்று நினைத்தவரை, நன்றாக இருக்கும் கன்று, அப்படியே விட்டுவிடுங்கள் என்று தடுத்தவர் ஒட்டுக் கட்டும் தொழிலாளி. மரம் சின்ன வயதிலேயே காய்த்தது. தோல் கரடுமுரடு, பழுத்தால் கறுப்பு. பச்சைப் பழத்துக்குப் பழகிய சந்தையில் யார் வாங்குவார்கள்? ஆனால் வீட்டுக் குழந்தைகள் இதுதான் வேண்டும் என்றார்கள்.

1935-ல் ஹாஸ் அந்த மரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று உலகச் சந்தையில் விற்கும் அவகாடோவில் பெரும்பகுதி, அந்த ஒற்றை மரத்திலிருந்து ஒட்டுக்கு மேல் ஒட்டாகப் பரவிய 'ஹாஸ்' ரகம்தான். தபால்காரருக்குக் கிடைத்தது என்ன? ஒரு மரத்தை வாங்கிய தோட்டக்காரர்கள் தாங்களே குச்சி வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். காப்புரிமையில் அவர் வாழ்நாள் முழுவதும் பார்த்த பணம் ஐயாயிரம் டாலர் அளவுக்குத்தான் என்பார்கள். தபால் பையை அவர் இறக்கி வைக்கவே இல்லை. 1952-ல் இறந்தார். தாய் மரம் வேரழுகல் நோயில் 2002-ல் பட்டுப்போனது.

இந்தக் கதையில் வீட்டுத் தோட்டக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம், குழந்தைகள் ருசித்த இடமல்ல. ஹாஸ் முதலில் என்ன செய்ய நினைத்தார் என்பதுதான். விதைக் கன்றை வேராக வைத்துக்கொண்டு, தெரிந்த ரகத்தின் குச்சியை அதில் ஒட்டுவது. ஜன்னலோரக் கன்றுக்கு இன்றைக்கும் அதுதான் உருப்படியான வழி. ஆறு மாதம் முதல் ஒரு வருடக் கன்று, பென்சில் பருமன் தண்டு இருந்தால் போதும். காய்க்கிற மரத்திலிருந்து அதே பருமனில், மொட்டு உப்பி விரியத் தயாராக இருக்கும் குச்சியை எடுத்து, கன்றின் தலையை வெட்டிப் பிளந்து, ஆப்பு போலச் சீவிய குச்சியைச் செருகி, பாலிதீன் நாடாவால் இறுகச் சுற்றிவிடும் மென்தண்டு ஒட்டு. மா ஒட்டுக் கட்டத் தெரிந்த எந்த நர்சரித் தொழிலாளிக்கும் இது கைவந்த வேலை. ஒட்டு பிடித்தால் மூன்று நான்கு வருடத்தில் காய் பார்க்கலாம். பழம் இன்னதென்று முன்கூட்டியே தெரியும்.

எந்த ரகக் குச்சி? எல்லோரும் ஹாஸ் என்கிறார்கள். அது குளிர்ச்சியான மலைப்பகுதிக்கு ஏற்றது. சமவெளியின் சித்திரை வெயிலில் அதனிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. இந்த மரத்தில் மூன்று இனங்கள் உண்டு. மெக்ஸிகன் இனம் குளிரைத் தாங்கும். மேற்கிந்தியத் தீவு இனம் வெப்பத்தையும், ஓரளவுக்கு உப்பையும் தாங்கும். குவாத்தமாலன் இனம் இடைப்பட்டது. ஹாஸில் குவாத்தமாலன், மெக்ஸிகன் ரத்தம். போலக் மேற்கிந்தியத் தீவு வழி. கொடைக்கானல் மலைச்சரிவில் தடியன்குடிசையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி.-1 என்ற ரகத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறது. குடகின் செட்டள்ளியிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்திலிருந்து அர்கா சுப்ரீம், அர்கா கூர்க் ரவி வந்திருக்கின்றன. பெங்களூர், மைசூர், கோவைப் பக்கத்துக்காரர்கள் இவற்றைத் தேடிப் போவது, இறக்குமதிக் கன்றுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதைவிடப் புத்திசாலித்தனம்.

பணம் கொடுத்து வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கிராக்கி ஏறியதும் சாதாரண விதைக் கன்றுக்கு ஹாஸ் என்று அட்டை கட்டி விற்பவர்களும் முளைத்துவிட்டார்கள். ஏமாந்தது தெரிய ஏழெட்டு வருடம் ஆகும் என்பதால், விற்றவரிடம் சண்டை போடவும் வழியில்லை. வாங்கும்போதே தண்டின் அடியில் ஒட்டுத் தழும்பு, முடிச்சு போலவோ சாய்ந்த வெட்டு போலவோ தெரிகிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் பாதுகாப்பு. மண்ணிலிருந்து வழவழவென்று ஒரே தண்டாக எழும்பி நின்றால், அது ஜன்னலோர டம்ளரின் சகோதரம்தான்.

ஊரும் ஒரு கணக்கு. பெங்களூர் இதற்கென்றே அமைந்த ஊர். மூவாயிரம் அடி உயரம், அளவான வெப்பம். புனேவும் பரவாயில்லை. மும்பையில் வெப்பம் பிரச்சினையில்லை, ஆடி மாத மழைதான் எமன். டெல்லியில் கோடையின் லூ காற்றும் ஜனவரிக் குளிரும் இரண்டு பக்கமும் அடிக்கும். அங்கே வளர்ப்பவர்கள் கோடையில் நிழல்வலை கட்டி, இளம் தண்டுக்குச் சுண்ணாம்பு பூசி, குளிரில் தொட்டியை உள்ளே இழுத்து, அழகுச் செடியாகவே வைத்துக்கொள்ளலாம். பழ ஆசையை விட்டுவிடுவது நல்லது.

சென்னையில் எதிரி குழாய்த் தண்ணீர். வெண்ணெய்ப் பழ மரத்துக்கு உப்பு ஆகாது. பழ மரங்களில் இவ்வளவு சீக்கிரம் முகம் சுளிப்பது குறைவு. போர்வெல் தண்ணீர் ஊற்றிய சில வாரங்களில் இலை நுனி பழுப்பாகி, ஓரம் முழுவதும் கருகும். பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பார்கள். உரம் போதவில்லை என்று உரம் போடுவார்கள். உரத்திலும் உப்புதான், இன்னும் கருகும். அதைவிட மோசம், வீட்டுச் சுத்திகரிப்பு இயந்திரம் கழித்து வெளியேற்றும் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று செடிக்கு ஊற்றுவது. போர்வெல்லின் உப்பெல்லாம் செறிந்திருப்பது அந்தக் கழிவு நீரில்தான். பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் அது உதவும். இந்தக் கன்றுக்கு விஷம். மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவதும், மாதம் ஒருமுறை தொட்டியின் அடி ஓட்டை வழியாக ஓடும்படி நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுவதும்தான் வைத்தியம்.

அந்த ஓட்டை அடைபடாமல் இருப்பது அதைவிட முக்கியம். மரம் சாவது பெரும்பாலும் தாகத்தால் அல்ல, தண்ணீர் தேங்குவதால். மற்ற மரங்களைப் போல ஆழமாக ஓடும் வேர் இதற்கில்லை. தீனி எடுக்கும் வேர்கள் மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள் படர்ந்து கிடக்கின்றன. தண்ணீர் நின்றால் ஃபைட்டாப்தோரா என்ற, பூஞ்சணம் போன்ற நுண்ணுயிர் நுழைந்து அந்த வேர்களைக் கறுக்க வைத்து அழித்துவிடும். ஹாஸின் தாய் மரத்தைக் கொன்றது வேரழுகல்தான். தரையில் நடுபவர்கள் குழியில் நடாமல், மேட்டில் நட வேண்டும். தென்னைக்குச் செய்வதுபோல அடியைக் கொத்தி வட்டப்பாத்தி கட்டுவது இந்த மரத்துக்கு உதவியல்ல, அடி. உதிர்ந்த இலையைப் பெருக்கித் தள்ளாமல் அடியிலேயே கிடக்கவிட்டால் அதுவே போர்வை.

இலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இலை, பட்டை, கொட்டை, பழத்தோல் எல்லாவற்றிலும் பெர்சின் என்ற நச்சு உண்டு. பழச் சதை மனிதருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் கூண்டுக் கிளிக்கும் லவ் பேர்ட்ஸுக்கும் இந்தப் பழம் ஆகவே ஆகாது. ஆடு, மாடு, முயல் இலையைத் தின்றால் ஆபத்து. கவாத்து செய்த தழையைத் தெருவில் போட்டால் மேய வரும் ஆடு அதைத் தின்னும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கொட்டையைப் பொடித்துக் கஷாயம் போட்டால் சகல நோயும் தீரும் என்று கைபேசியில் உலாவும் செய்திகளுக்கும் ஆதாரமில்லை. கொட்டையை ஊன்றுவது நல்ல காரியம், குடிப்பது அப்படியல்ல.

மாற்றலில் ஊர் ஊராகப் போகும் குடும்பங்களுக்கு இந்த மரம் வைக்கும் கேள்வி வேறு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெட்டி கட்டும் வங்கி ஊழியரோ ராணுவக்காரரோ ஏழெட்டு வருட மரத்தை என்ன செய்ய? பன்னிரண்டு அங்குலத் தொட்டிக் கன்றை லாரியில் பீரோவுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் ஏற்றிவிடலாம். டிரம்மில் நிற்கும் ஆள் உயர மரத்தைப் பாக்கர்ஸ் மூவர்ஸ்காரர்கள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். குவார்ட்டர்ஸ் வாசலில் நட்டுவிட்டுப் போனால் பழம் சாப்பிடப்போவது அடுத்ததற்கு அடுத்த குடித்தனக்காரர். தெரிந்தே நட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்யக்கூடிய ஒரே உபகாரம், கிளம்பும் முன் ஒட்டுக் கட்டிவிட்டுப் போவது. இல்லையென்றால் காய்க்காத மரம் என்று பெயர் வாங்கி, பூக்கும் முன்பே வெட்டுப்படும். சொந்த வீட்டுக்காரர்களும் சுவரிலிருந்தும் செப்டிக் டாங்கிலிருந்தும் இருபது அடியாவது தள்ளி வைக்க இடமில்லையென்றால் தரையில் நடாமலிருப்பதே அக்கம்பக்கத்துக்கு நல்லது.

எல்லாம் கூடி வந்து மரம் காய்த்த பிறகும் ஒரு குழப்பம் பாக்கி. தென்னிந்தியாவில் ஆடி, ஆவணியில் காய் முற்றுகிறது. முற்றுகிறதே தவிர, மரத்தில் பழுப்பதில்லை. பறித்த பிறகுதான் மென்மையாகும். மாம்பழம்போலத் தானாகக் கனியும் என்று அண்ணாந்து பார்த்துக் காத்திருப்பவர்களுக்கு மிஞ்சுவது அணில் கடித்து விழுந்த காய்தான். ஊதா ரகமென்றால் நிறம் மாறத் தொடங்குவது அடையாளம். பச்சை ரகத்தில் தோலின் பளபளப்பு மங்கும், லேசாக மஞ்சள் படரும். சந்தேகமென்றால் பெரிய காயாக ஒன்றைக் காம்போடு பறித்து அரிசி டிரம்மில் ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம். சுருங்காமல் மெத்தென்று பழுத்தால் மற்றவற்றையும் பறிக்கலாம். தோல் சுருங்கி ரப்பர் போலக் கிடந்தால், மரத்திலிருப்பவற்றுக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் தேவை.